வீட்டிலேயே மெசஞ்சர் பை தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேன்வாஸ் துணியில் ஒரு தோள்பை தைக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தயங்கி நின்றுவிடுகிறார்கள். வீட்டு மிஷின் இவ்வளவு தடிமனைத் தாங்குமா என்பது ஒன்று. வாரை எங்கே, எப்படிப் பிடித்துத் தைப்பது என்பது இன்னொன்று. மிஷினைப் பற்றிக் கவலை வேண்டாம், அது தாங்கும். வார் பிடிக்கிற இடத்தில்தான் அக்கறை வேண்டும், பையின் ஆயுளே அங்கேதான் இருக்கிறது. ரவிக்கை, தலையணை உறை என்று நேர்த்தையல் பழகிய எவரும் இந்தப் பையைத் தைக்கலாம்.

மெசஞ்சர் பை என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு தோளில் மாட்டி, உடம்புக்குக் குறுக்கே போட்டு, எதிர்ப்பக்க இடுப்பில் தொங்கவிடுகிற பை. மேலே அகலமான மூடி ஒன்று முன்பக்கம் வரை இறங்கி வரும். இன்றைய வடிவத்துக்கு மூலம், 1950-களில் நியூயார்க்கின் டி மார்ட்டினி குளோப் கேன்வாஸ் நிறுவனம் கம்பிவடப் பணியாளர்களுக்காகத் தைத்த கருவிப்பை. கம்பத்தில் ஏறி நிற்பவர் ஒரு கையால் திறந்து சாமான் எடுக்க வேண்டியிருந்ததால் அந்த அமைப்பு. அதையே பிறகு சைக்கிளில் தபால், பார்சல் கொண்டுபோகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெயரும் அப்படி வந்ததுதான். நம் ஊர்த் தபால்காரரின் காக்கிப் பையும் இதற்குச் சொந்தக்காரன் மாதிரிதான்.

ஜோல்னாப் பைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஜோல்னாவுக்கு மூடி கிடையாது, வாரின் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் தைக்கிறவர்கள் ஜோல்னாவிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. பல ஜோல்னாப் பைகளில் தோளில் மாட்டும் வாரே கீழே இறங்கிப் பையின் பக்கமாகவும் அடியாகவும் ஓடி மறுபக்கம் ஏறிவிடும். புத்தகத்தின் கனம் முழுவதும் அந்த ஒரே பட்டியில் உட்காருகிறது, ஒற்றைத் தையலில் தொங்குவதில்லை. மெசஞ்சர் பையிலும் வாரின் பிடிப்பைப் பக்கப்பட்டிக்குள் நன்றாக இறக்கித் தைக்கச் சொல்வது இதனால்தான்.

எந்தத் துணி வாங்குவது?

முதல் பைக்குப் பருத்திக் கேன்வாஸ். கடையில் ஜிஎஸ்எம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை அது. 300 முதல் 400 வரை சரியாக இருக்கும். அவுன்ஸ் கணக்கில் சொல்லும் கடையானால் 10 அல்லது 12 அவுன்ஸ். அதற்கு மேல் போனால் துணி அட்டை மாதிரி நிற்கும், பார்க்க ஆசையாகவும் இருக்கும், ஆனால் மடிப்பு சேரும் இடங்களில் வீட்டு மிஷின் திணறும். 200-க்குக் கீழே இருப்பது காய்கறிப் பைக்குப் போதும், லேப்டாப்புக்குப் போதாது.

பழைய ஜீன்ஸ் நல்ல தேர்வு. தொடைப் பகுதியை மட்டும் எடுங்கள். முழங்கால் தேய்ந்திருக்கும். கால் ஓரத்தில் ஓடும் இரட்டைத் தையல் ஏற்கெனவே பல அடுக்கு என்பதால் அதன் மேல் இன்னொரு தையல் குறுக்கே வராதபடி வெட்டுங்கள். பவானி ஜமக்காளத்தில் மூடி தைத்தால் கோடுகள் அழகாக விழும், தாங்கவும் செய்யும். ஆனால் வெட்டிய விளிம்பு சட்டென்று பிரியும். வெட்டின கையோடு சுற்றிலும் ஜிக்ஜாக் அடித்துவிட வேண்டும். ரெக்சினை முதல் பைக்குத் தொடாதீர்கள். ஒருமுறை ஊசி இறங்கிய ஓட்டை மூடாது, அதனால் பிரித்துத் தைக்க வழியில்லை.

உள்லைனிங்குக்கு மெல்லிய, நெருக்கமாக நெய்த பருத்தி அல்லது பாப்ளின் போதும். வெளிர் நிறமாக எடுங்கள். கறுப்பு லைனிங் போட்ட பைக்குள் கறுப்பு சார்ஜரைத் தேடுவது பெரிய வேலை.

எத்தனை மீட்டர் வேண்டும்? அளவு என்ன?

தைத்து முடித்த பை 14 இன்ச் அகலம், 11 இன்ச் உயரம், 4 இன்ச் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். 14 இன்ச் லேப்டாப்பும் ஏ4 நோட்டும் தாராளமாகப் போகும். 15.6 இன்ச் லேப்டாப் வைப்பவர்கள் அகலத்தில் 2 இன்ச், உயரத்தில் 1 இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள். பட்டியும் மூடியும் அதற்கேற்ப நீளும்.

எல்லாப் பக்கமும் தையலுக்கு அரை இன்ச் விட்டு வெட்டும் அளவு: முன்பக்கம், பின்பக்கம் தலா 15க்கு 12. பக்கமும் அடியும் சேர்ந்த ஒரே நீளப் பட்டி 37க்கு 5. மூடி 15க்கு 14. இதே துண்டுகள் லைனிங்கிலும் ஒரு தடவை. உள்பாக்கெட்டுக்கு லைனிங் துணியில் 15க்கு 20 தனியாக. கேன்வாஸ் 58 இன்ச் அகலமானால் முக்கால் மீட்டர், 44 இன்ச் அகலமானால் ஒரு மீட்டர். லைனிங் ஒன்றரை மீட்டர் வாங்கினால் பாக்கெட் எல்லாம் சேர்த்து வந்துவிடும்.

நீளப் பட்டியை மட்டும் பாவு, அதாவது துணியின் நீளவாக்கு நூல், ஓடும் திசையிலேயே வெட்டப் பாருங்கள். பாவு நூல் குறைவாக இழுபடும், கனம் தொங்குவதும் அந்தப் பட்டியில்தான். அப்படி வெட்டத் துணியின் நீளம் கூடுதலாகத் தேவைப்பட்டால் கால் மீட்டர் அதிகமாக வாங்குவதில் தப்பே இல்லை.

வெட்டுவதற்கு முன் துவைக்கத்தான் வேண்டுமா?

ஆமாம். கேன்வாஸில் கஞ்சி இருக்கும், முதல் துவையலில் சுருங்கவும் செய்யும். லைனிங் ஒரு அளவிலும் வெளித்துணி ஒரு அளவிலும் சுருங்கினால் பை முறுக்கிக்கொள்ளும், பிறகு அதை இஸ்திரி போட்டும் சரி செய்ய முடியாது. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அலசி, முறுக்கிப் பிழியாமல் காயப்போடுங்கள். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் சுருக்கம் சுலபமாகப் போகும். கருநீலமோ அடர்சிவப்போ வாங்கியிருந்தால் இந்தக் கட்டத்திலேயே சாயம் எவ்வளவு விடுகிறது என்று தெரிந்துவிடும். வெள்ளைச் சட்டை மேல் தெரிந்துகொள்வதைவிட இது நல்லது.

வீட்டு மிஷினில் முடியுமா? பவர் மிஷின் வேண்டாமா?

முடியும். அதிலும் பழைய கறுப்புக் கால்மிதி மிஷின் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஆனால் கேன்வாஸில் அது இறங்குகிற உறுதியே தனி. மோட்டார் வைத்த வீட்டு மிஷின்களும் நான்கைந்து அடுக்கு கேன்வாஸைத் தைத்துவிடும். உள்ளங்கை அகலத்தில் பேட்டரியில் ஓடும் குட்டி மிஷின்கள் மட்டும் இதற்கு ஆகாது.

மிஷினைவிட ஊசிதான் முக்கியம். சாதாரணமாகப் போட்டிருக்கும் 14-ஆம் நம்பர் ஊசியை எடுத்துவிட்டு 16 போடுங்கள். வார் தைக்கும்போது 18. ஜீன்ஸ் ஊசி என்று கேட்டு வாங்கினால் தண்டு விறைப்பாக இருக்கும், வளையாது. வாங்கும்போது உங்கள் பழைய ஊசியைக் கையோடு கொண்டுபோங்கள். சில மிஷினுக்குத் தலைப்பகுதி ஒரு பக்கம் தட்டையான ஊசி, சிலவற்றுக்கு உருண்டைத் தலை. மாற்றிப் போட்டால் தையல் விழாது.

நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், மேலேயும் பாபினிலும் ஒரே நூல். பருத்தி நூல் வியர்வையிலும் மழையிலும் சீக்கிரம் நைந்துவிடும். தையல் நீளத்தை 3 முதல் 3.5 மில்லிமீட்டர் வையுங்கள், அதாவது இன்ச்சுக்கு ஏழெட்டுத் தையல். சின்னச் சின்னத் தையலாக நெருக்கிப் போட்டால் பலம் கூடும் என்று தோன்றும். கேன்வாஸில் அது ஓட்டைகளைத்தான் நெருக்குகிறது.

தடிமனான இடத்தில் தையல் விட்டுவிட்டுப் போகிறது. என்ன செய்வது?

துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் காலின் முன்பகுதி மேட்டில் ஏறும்போது பின்பகுதி பள்ளத்தில் கிடக்கும். கால் சாய்ந்துவிடுவதால் துணி சரியாக அழுந்தாது, தையல் தவறும். பழைய அட்டைப்பெட்டியில் ஒரு துண்டை வெட்டி, மேட்டின் உயரத்துக்கு மடித்து, காலின் பின்பகுதிக்கு அடியில் செருகுங்கள். கால் சமமாகிவிடும். அந்த இரண்டு இன்ச்சுக்கு மோட்டாரை நம்பாமல் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்குங்கள்.

அதற்கு முன்பே மேட்டைக் குறைத்துவிடலாம். தைத்த ஓரத்தில் உள்ளே இருக்கும் அரை இன்ச்சில் ஒரு அடுக்கைக் கால் இன்ச்சாகக் கத்தரித்துவிட்டால் எல்லா விளிம்பும் ஒரே இடத்தில் குவியாது. பிறகு அந்த மடிப்பைக் கல் தரையில் வைத்து, மேலே ஒரு துணி போட்டு, குழவியால் நாலு தட்டுத் தட்டுங்கள். பாதியாகப் படிந்துவிடும். தைக்கும் கோட்டில் வெள்ளை மெழுகுவர்த்தியை லேசாக உரசினால் ஊசி இன்னும் வழுக்கி இறங்கும்.

துணிக்குக் கீழே நூல் கூடு கட்டினால் பலரும் பாபினைத் திருகுகிறார்கள். பெரும்பாலும் தப்பு மேல்நூலில்தான் இருக்கும். காலைத் தூக்கிவைத்துக்கொண்டு மேல்நூலை முதலிலிருந்து மறுபடி கோத்துப் பாருங்கள். கால் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராது.

எந்த வரிசையில் தைப்பது?

தட்டையாக இருக்கும்போது முடிக்க வேண்டியதையெல்லாம் முதலில் முடித்துவிடுங்கள். பாக்கெட், காந்தப் பட்டன், வார் வளையம் எல்லாமே துணி தட்டையாக இருக்கும்போது ஐந்து நிமிட வேலை. பை உருவம் வந்த பிறகு அதே வேலை முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

உள்பாக்கெட் துணியை இரண்டாக மடித்து 15க்கு 10 ஆக்கி, மடிப்பு மேலே வருமாறு லைனிங்கின் பின்பக்கத் துண்டில் வையுங்கள். அதன் அடிவிளிம்பு லைனிங்கின் அடிவிளிம்பிலிருந்து ஒன்றரை இன்ச் மேலே இருக்கட்டும், விளிம்பை உள்ளே மடித்துத் தையுங்கள். லேப்டாப்பை அதில் வைத்தால் பையின் அடியைத் தொடாமல் நிற்கும். பையைத் தொப்பென்று தரையில் வைப்பவர்கள் வீட்டில் இந்த இடைவெளி ரொம்ப முக்கியம். பேனாவுக்குத் தனியாக அறை வேண்டுமென்றால் முன்பக்க லைனிங்கில் இன்னொரு சின்னப் பாக்கெட்டை வைத்து ஒன்றே கால் இன்ச்சுக்கு ஒரு கோடு தையுங்கள்.

அடுத்து மூடி. வெளித்துணியையும் லைனிங்கையும் நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்க வைத்து மூன்று பக்கம் தைத்து, மூலையைக் கத்தரித்து, திருப்பி, ஓரத்தில் கால் இன்ச் தள்ளி மேல்தையல் ஓட்டுங்கள். திறந்திருக்கும் நாலாவது பக்கம் பின்பக்கத்தோடு சேரப்போகிறது.

பிறகு வார் வளையங்களைப் பட்டியில் தைப்பது (அடுத்த கேள்வியில் விரிவாக). அதன்பின் பட்டியை முன்பக்கத்தோடும் பின்பக்கத்தோடும் சேர்ப்பது. லைனிங்கிலும் இதேபோல ஒரு பை தைத்து, அதன் அடித்தையலில் ஆறு இன்ச் மட்டும் தைக்காமல் விடுங்கள். லைனிங்குக்கு ஓரத்தில் அரை இன்ச்சுக்குப் பதில் அரையும் நூலளவும் பிடித்தால், அதாவது கொஞ்சம் இறுக்கினால், உள்ளே தொளதொளவென்று மடியாது.

கடைசியாக, நல்ல பக்கம் வெளியே இருக்கும் கேன்வாஸ் பையை, உள்பக்கம் வெளியே இருக்கும் லைனிங் பைக்குள் விடுங்கள். மூடி இரண்டுக்கும் நடுவில், அதன் வெளித்துணி பின்பக்கக் கேன்வாஸை ஒட்டியிருக்க வேண்டும். இதை ஊசி குத்துவதற்கு முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூடியைத் திருப்பிப் போட்டுத் தைப்பதுதான் இந்தப் பையில் அதிகம் நடக்கிற தவறு. வாய் முழுக்கச் சுற்றித் தைத்து, லைனிங்கில் விட்ட ஓட்டை வழியாகப் பையை வெளியே இழுத்துத் திருப்புங்கள். ஓட்டையை மூடி, வாயைச் சுற்றி மேல்தையல் போட்டால் பை தயார்.

வாரை எப்படிப் பிடிப்பது?

இங்கே அவசரப்படாதீர்கள். கடைப் பைகள் பெரும்பாலும் அறுந்துபோவது வார் சேரும் இடத்தில்தான். ஓரத் தையலுக்குள் வாரின் முனையைச் செருகி ஒரே ஒரு கோடு ஓட்டியிருப்பார்கள். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் கனம் அந்த ஒற்றைக் கோட்டை இழுக்கும்.

ஒன்றரை இன்ச் அகல நாடா இரண்டு மீட்டர் வாங்குங்கள். கனமான புத்தகங்கள் சுமப்பவர் இரண்டு இன்ச் அகலம் எடுத்தால் தோள் வலி குறையும், வளையமும், வாரின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரும் அதே அகலத்தில் வேண்டும். நாடாவில் ஆறு இன்ச்சாக இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு டி வளையத்துக்குள் விட்டு இரண்டாக மடியுங்கள். இப்போது மூன்று இன்ச் நீள இரட்டை நாடா கிடைக்கும். நீளப் பட்டியின் இரு முனையிலும், அகலத்துக்கு நடுவில், மேல்விளிம்பிலிருந்து ஒரு இன்ச் கீழே மடிப்பு வருமாறு வையுங்கள். பட்டியின் பின்னால் ஒரு கேன்வாஸ் துண்டை அடித்தாங்கலாகக் கொடுங்கள். வளையத்துக்குக் கீழே அரை இன்ச் விட்டு ஆரம்பித்து, நாடாவைச் சுற்றிச் செவ்வகமாகத் தைத்து, நூலை அறுக்காமலே மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டு முடியுங்கள். அந்தச் செவ்வகத்தை இரண்டாவது முறையும் ஓட்டுங்கள். வளையத்துக்குக் கீழே விட்ட அரை இன்ச்தான் வாய் தைக்கும்போது வளையத்தைக் கீழே மடக்கிவைக்க இடம் தருகிறது.

மீதி நாடா தோளுக்கு. ஒரு முனையை அட்ஜஸ்டரின் நடுக்கம்பியில் சுற்றித் தைத்துவிடுங்கள். மறுமுனையை ஒரு பக்கத்து வளையத்தில் விட்டு, திரும்ப மேலே கொண்டுவந்து, அட்ஜஸ்டரின் ஒரு சந்தில் ஏற்றி மறுசந்தில் இறக்குங்கள். வெளியே வரும் முனையை மறுபக்கத்து வளையத்தில் மடித்து, அதே பெருக்கல் குறித் தையல். தைப்பதற்கு முன் நாடா எங்கும் முறுக்கவில்லை என்று விரலால் முழு நீளமும் தடவிப் பாருங்கள்.

நைலான், பாலிபுரொப்பிலீன் நாடாவானால் வெட்டிய முனையை மெழுகுவர்த்தித் தீயில் ஒரு நொடி காட்டினால் இழை பிரியாது. பருத்தி நாடாவை மடித்துத்தான் தைக்க வேண்டும். பருத்தி கழுத்தோரம் உறுத்தாது, அட்ஜஸ்டரிலும் வழுக்காது. நான் அதைத்தான் விரும்புவேன். மழையில் நனைந்தால் காய நேரமாகும் என்பது ஒன்றுதான் குறை.

மூலை வளைவில் சுருக்கம் விழுகிறது.

கூர்மையான மூலையை முதல் பைக்கு விட்டுவிடுங்கள். முன்பக்கம், பின்பக்கத் துண்டுகளின் கீழ் மூலைகளில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வரைந்து வளைவாக வெட்டுங்கள். பட்டியின் நடுவையும் அடிப்பக்கத்தின் நடுவையும் சாக்பீஸால் குறித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் மேல்நோக்கிக் கிளிப் போட்டுக்கொண்டே போங்கள். வளைவு வரும்போது பட்டியின் ஓரத்தில் மட்டும் கால் இன்ச் ஆழத்துக்கு வரிசையாகக் கத்தரிச் சிறு வெட்டுகள் கொடுத்தால் அது விரிந்து வளையும். வளைத்து வெட்டியதால் பட்டி மேலே கொஞ்சம் மிஞ்சும், அதனால் வார் வளையத்தைத் தைப்பதற்கு முன்பே ஒருமுறை கிளிப் போட்டுப் பார்த்து மிச்சத்தை இரு முனையிலும் சமமாக வெட்டிவிடுங்கள். தைக்கும்போது பட்டி மேலே தெரியுமாறு வைத்தால் சுருக்கம் விழுவது கண்ணுக்கு முன்னாலேயே தெரியும்.

மழை தாங்குமா?

தூறல் தாங்கும், ஐப்பசி மழை தாங்காது. பருத்திக் கேன்வாஸ் நீரை உறிஞ்சும், தையல் ஓட்டைகள் வழியாகவும் நீர் இறங்கும். லைனிங்கைக் குடைத்துணியிலோ மழைக்கோட்டுத் துணியிலோ தைத்தால் நிலைமை எவ்வளவோ மேல். அந்தத் துணியில் குண்டூசி குத்தாமல் கிளிப் போடுங்கள், குத்திய ஓட்டை நிற்கும். கேன்வாஸில் மெழுகு பூசுவது குளிர் நாடுகளில் பழைய வழக்கம். நம் வெயிலில் அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், சோப்புப் போட்டுத் துவைக்கவும் முடியாது. லேப்டாப்புக்கு ஒரு தனி நீர்புகா உறையை உள்ளே வைத்துக்கொள்வதே நிம்மதி.

வளையம், அட்ஜஸ்டர், நாடா எல்லாம் எங்கே கிடைக்கும்?

பெரிய கடையைத் தேடிப் போகுமுன் உங்கள் ஊரில் பள்ளிப் பை ரிப்பேர் செய்பவரிடம் கேளுங்கள். மீட்டர் கணக்கில் ஜிப், ரன்னர், நாடா, வளையம் எல்லாம் வைத்திருப்பார், எது சீக்கிரம் உடையும் என்றும் அவருக்குத்தான் தெரியும். சென்னையில் பாரிமுனைத் தெருக்கள், மதுரையில் விளக்குத்தூண் பக்கம், ஈரோட்டில் கனி மார்க்கெட் என்று துணிக்கு அலையலாம். வளையம் வாங்கும்போது உலோகத்தில் பற்றவைத்து மூடியதாகப் பாருங்கள். இரண்டு முனையும் சும்மா ஒட்டி நிற்கிற வளையம் கனத்தில் விரிந்து நாடாவை விட்டுவிடும்.

கடையில் வாங்குவதைவிட மலிவாக முடியுமா?

நடைபாதைக் கடைப் பையோடு விலையில் போட்டி போட முடியாது. நல்ல கேன்வாஸ், உலோக வளையம், நாடா எல்லாம் சேரும்போது அதைவிடக் கூடத்தான் ஆகும். ஆனால் அதே தரத்தில் நல்ல கடைப் பை என்ன விலை என்று பார்த்தால் பாதிக்கும் குறைவாக முடியும் வாய்ப்பு அதிகம். உங்கள் தோளுக்கு ஏற்ற நீளம், உங்கள் சாப்பாட்டு டப்பா நிற்கும் அகலம் என்று அமைத்துக்கொள்வது எந்த விலைக்கும் கடையில் கிடைக்காது.

எப்படித் துவைப்பது?

அடிக்கடி வேண்டாம். அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் மாதக்கணக்கில் போகும். முழுதாகத் துவைக்கும்போது பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டு, பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் மடிப்புகளைத் தேய்த்து, கையாலேயே அலசுங்கள். வாஷிங் மிஷினில் போட்டால் வளையம் டிரம்மில் மோதும், மூடியும் முறுக்கிக்கொள்ளும். உள்பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டு, தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். அப்படியே வார் சேரும் இரண்டு இடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நூல் எங்காவது தேய்ந்து பஞ்சாக நின்றால், பழையதைப் பிரிக்காமல் அதே கோட்டின் மேலேயே இன்னொரு முறை செவ்வகமும் பெருக்கல் குறியும் ஓட்டிவிடலாம்.